வேடம் கலையும் இடங்கள்

பழைய கணினிக்கு எஸ்எஸ்டி என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் மதர்போர்டு வார்க்கப்பட்ட காலத்தில் சேமிப்பகம் என்றால் சுழலும் தட்டு, தட்டின்மேல் அலையும் முனை, இரண்டையும் ஆட்டிவைக்கும் மோட்டார். பயாஸில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் அந்தத் தட்டை நம்பி எழுதப்பட்டது. 2005-இல் வாங்கிய கணினியில் இன்றைய எஸ்எஸ்டியைச் செருகினால், போர்டு அதனிடம் ஹார்ட் டிஸ்கிடம் கேட்பதையேதான் கேட்கிறது: இத்தனையாவது செக்டரில் உள்ள 512 பைட்டைக் கொடு. எஸ்எஸ்டிக்குள் செக்டரும் இல்லை, தட்டும் இல்லை. சிலிக்கான் சில்லுகளில் சிறைப்பட்ட மின்னூட்டம்தான் இருக்கிறது. ஆனாலும் அது கேட்ட எண்ணுக்குக் கேட்ட 512 பைட்டைக் கொடுத்துவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் வேடம் கட்டிக்கொண்டு அந்தக் காலத்துக் கணினிக்குள் நுழையும் சாதனம் அது.

பெரும்பாலும் வேடம் கலைவதில்லை. கலையும்போதுதான் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கி, “டிஸ்க் எடுக்கலைங்க” என்கிறார். வாங்கிய எஸ்எஸ்டி மோசம் என்று வாடிக்கையாளர் முடிவு கட்டிவிடுகிறார். எந்த இடத்தில் கலைந்தது என்று தெரிந்தால், பாதி நேரம் அதே எஸ்எஸ்டியை அதே கணினியில் ஓட வைத்துவிடலாம். இந்த அத்தியாயம் அந்த இடங்களைப் பற்றியது.

இது பெருநகரத்தாரைவிட வடகரப்பதி போன்ற ஊர்களுக்கு அதிகம் வேண்டிய அறிவு என்று நினைக்கிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது அந்தப் பஞ்சாயத்து. வேலந்தாவளத்தைத் தாண்டினால் கோவை மாவட்டம். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாமே வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்கும் ஊர்கள். கணினி வாங்குவதென்றால் கோயமுத்தூருக்குப் பேருந்து ஏற வேண்டும். புதிது வாங்க முடியாத வீடுகளுக்கு, நிறுவனங்கள் கழித்துக்கட்டிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப்தான் கதி. எல்லைக்கு அந்தப் பக்கம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், 2 ஜிபி ரேமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்கும் கொண்ட லேப்டாப்புகள் பிளஸ் டூ மாணவர்களின் கைக்கு வந்தன. கொண்டான் கொடுத்தான் உறவு எல்லையைப் பார்ப்பதில்லை. அந்த லேப்டாப்புகளில் சில அத்தை மகன், சித்தி மகள் என்று இந்தப் பக்கமும் கை மாறியிருந்தால் வியப்பில்லை. இந்தப் பக்கம் கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கி, 2017-இல் ‘கைட்’ என்ற நிறுவனமாக மாறியது. அதன் வழியாகப் பள்ளிகளுக்குக் கணினிகள் வந்தன. அவற்றில் ஓடுவது லினக்ஸ். மூணாறு, தேவிகுளம், பீருமேடு தோட்டப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்களும் இதே நிலைமையில்தான் இருக்கின்றன. இந்தக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் மூளை இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. அவற்றைத் தூக்கிப்போட வைப்பது ஹார்ட் டிஸ்கின் மந்தம்தான்.

அந்த மந்தத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் முனைக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட். ஆக ஒரு துணுக்கைத் தேடி எடுக்க 17 அல்லது 18 மில்லிசெகண்ட். ஒரு செகண்டுக்கு அறுபது துணுக்குகூடத் தேறாது. விண்டோஸ் கண்விழிக்கும்போது தட்டெங்கும் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துணுக்குகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டிக்கு அதே துணுக்கை எடுக்க ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். ‘பழைய சாட்டா போர்டில் எஸ்எஸ்டி போட்டாலும் வேகம் வராது, வீண் செலவு’ என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டிஸ்கைப் போர்டுடன் இணைக்கும் சாட்டா இணைப்பின் முதல் தலைமுறை செகண்டுக்கு 150 எம்பி வரை கடத்தும். இன்றைய சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் கொடுக்க வல்லது. ஆகவே பெரிய சினிமாக் கோப்பை நகலெடுக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு வேகம் போய்விடும், உண்மைதான். ஆனால் அன்றாட வேலை சிறு துணுக்குகளில் நடக்கிறது. நாலு கேபி துணுக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் ஹார்ட் டிஸ்க் செகண்டுக்குக் கால் எம்பி கொடுத்தால் பெரிது. எஸ்எஸ்டி இருபது, முப்பது எம்பி கொடுக்கும். அதுவும் 150-க்கு வெகு கீழேதான். பழைய சாட்டாவின் குறுகல் அங்கே இடிக்கவே இடிக்காது. பத்து வருஷ லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்டவர்கள் ‘புதுசு மாதிரி ஆயிருச்சு’ என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இனி கலையும் இடங்களுக்கு வருவோம். முதலாவது, அறிமுகம். கணினியை ஆன் செய்ததும் சாட்டா வயரின் இரு முனைகளும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு எந்த வேகத்தில் பேசுவதென்று முடிவு செய்கின்றன. எஸ்எஸ்டி தன் உச்ச வேகமான 6 கிகாபிட்டில் முதலில் குரல் கொடுக்கும். சுமார் 55 மைக்ரோசெகண்டுக்குள் பதில் வராவிட்டால் 3-க்கு இறங்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் 1.5-க்கு. படி இறங்கி வரும் இந்தப் பண்பு விதிமுறையிலேயே இருக்கிறது. ஆனால் 2000-களின் நடுவில் அசெம்பிள் செய்த எத்தனையோ கணினிகளில் இருந்த வியா நிறுவனத்தின் விடி8237, விடி8237ஆர் சில்லுகள், எதிரில் இருப்பது 3 கிகாபிட் டிஸ்க் என்றாலே இந்த விசாரணையில் தடுமாறிவிடும். டிஸ்க் இருப்பதே தெரியாது. ஹார்ட் டிஸ்க் காலத்தில் தயாரிப்பாளர்கள் டிஸ்கின் பின்புறம் ஒரு ஜம்பர் வைத்தார்கள். அதைப் போட்டால் டிஸ்க் 1.5 வேகத்திலேயே நிற்கும். எஸ்எஸ்டிகளில் அந்த ஜம்பர் கிடையாது. அப்படிப்பட்ட போர்டுக்குக் கைகொடுக்கும் வழி, வேறு சில்லு கொண்ட சாட்டா கார்டை பிசிஐ ஸ்லாட்டில் போடுவது. அதிலும் கார்டின் மேலேயே பயாஸ் ரோம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க் தெரியும், அதிலிருந்து பூட் ஆகாது.

வயரையும் சந்தேகப்பட வேண்டும். மலைப் பகுதியின் ஈரத்தில் பல வருஷம் கிடந்த கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கும். மெதுவான டிஸ்கை அது ஒப்பேற்றியிருக்கும், வேகமான எஸ்எஸ்டியிடம் இடறும். டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆவது எண்ணுக்கு எதிரே உள்ள கணக்கு நாளுக்கு நாள் ஏறினால் குற்றம் பெரும்பாலும் வயரில்தான். சாட்டா வயரை மாற்ற அதிகம் செலவாகாது.

சாட்டாவுக்கு முந்திய ஐடிஇ கணினிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் 44 ஊசி, டெஸ்க்டாப்பில் 40 ஊசி; இரண்டுக்கும் அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் 28 பிட் முகவரி என்ற சுவர் அங்கே உண்டு. 28 பிட்டில் எண்ணக்கூடிய செக்டர்களை 512-ஆல் பெருக்கினால் 137 ஜிபி. 2002-இல் வந்த ஆறாம் ஏடிஏ விதிமுறைக்கு முந்திய பயாஸ் அதற்குமேல் எண்ணாது. விண்டோஸ் எக்ஸ்பியும் முதல் சர்வீஸ் பேக் வரும்வரை எண்ணத் தெரியாமல்தான் இருந்தது. சந்தையில் கிடைக்கும் 120 ஜிபி எஸ்எஸ்டி அந்தச் சுவருக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, 240 நிற்பதில்லை. அப்படிப்பட்ட கணினியில் இருந்தே ஆக வேண்டிய மென்பொருள் ஏதாவது இருந்தால், உதாரணமாக ஒரு பழைய எடைமேடையோ ஆய்வகக் கருவியோ அதை நம்பி ஓடினால், 120 ஜிபியும் அடாப்டரும் போடலாம். மற்றபடி அவற்றுக்குச் செலவு செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

63 என்ற எண்ணின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. எக்ஸ்பி வரையிலான விண்டோஸ்கள் முதல் பார்ட்டிஷனை 63-ஆவது செக்டரில் தொடங்கின. ஏன் 63? பழைய பயாஸின் கணக்குப்படி ஒரு தடத்தில் அதிகபட்சம் 63 செக்டர். முதல் தடத்தை பூட் தகவலுக்கு விட்டுவிட்டு அடுத்த தடத்திலிருந்து தொடங்குவது மரபு. எஸ்எஸ்டியில் தடமே இல்லை. அங்கே தரவு பக்கம் பக்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் நாலு கேபி, எட்டு கேபி, பதினாறு கேபி என்று சில்லுக்குச் சில்லு மாறும். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256 பைட். அது 4,096-ஆல் மீதியில்லாமல் வகுபடாது. விளைவு, பக்கம் நாலு கேபி என்றால் விண்டோஸின் ஒவ்வொரு நாலு கேபி கட்டமும் எஸ்எஸ்டியின் இரண்டு பக்கங்களில் கால் வைத்து நிற்கிறது. ஒரு கட்டத்தை மாற்றி எழுத இரண்டு பக்கங்களைத் தொட வேண்டும். வேகம் குறைகிறது, தேய்மானம் கூடுகிறது. 2007-இல் வந்த விஸ்டா இந்த மரபைக் கைவிட்டு 2,048-ஆவது செக்டரில், சரியாக ஒரு எம்பி தள்ளித் தொடங்கியது. அது எல்லாப் பக்க அளவுக்கும் பொருந்தும்.

எக்ஸ்பி போய்விட்டதே, இனி என்ன என்று நினைக்கலாம். போகவில்லை. எக்ஸ்பி காலத்தில் பார்ட்டிஷன் போட்ட டிஸ்கில் ஒருவர் விண்டோஸ் 7 ஏற்றியிருப்பார். பிறகு அதையே 10-க்கு மாற்றியிருப்பார். இப்போது கடையில் அந்த டிஸ்கை அப்படியே குளோன் அடித்து எஸ்எஸ்டியில் இறக்குகிறார்கள். 63 அலுங்காமல் கூடவே வந்துவிடும். ஓஎஸ்ஸைப் புதிதாக ஏற்றுவதே நல்லது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இது. குளோன்தான் வேண்டும் என்றால், முடிந்ததும் பார்ட்டிஷன் தொடக்கத்தைப் பாருங்கள். தொடக்க பைட் எண் 4,096-ஆல் வகுபட வேண்டும்.

அடுத்தது அழித்தல். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் பழைய விண்டோஸ் தன் பேரேட்டில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது, டிஸ்கிடம் எதுவும் சொல்வதில்லை. ஹார்ட் டிஸ்குக்குச் சொல்லத் தேவையும் இல்லை. பழைய எழுத்தின்மேலேயே புதியதை எழுதிவிடும். ஃபிளாஷ் சில்லில் அது முடியாது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் இந்தச் சில்லை வடிவமைத்தபோதே அதன் குணம் அப்படித்தான் அமைந்தது: எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக. தொகுதியில் ஒரு பக்கம் மட்டும் செத்த தரவு என்றால், மற்றப் பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்துவிட்டுத்தான் அதை அழிக்க முடியும். எந்தப் பக்கம் செத்தது என்று எஸ்எஸ்டிக்கு யாரும் சொல்லாவிட்டால், நீங்கள் என்றோ அழித்த கல்யாண வீடியோவை அது உயிருள்ள தரவு என்று நம்பி இடம் மாற்றி இடம் மாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். வேடம் ரொம்பவும் கச்சிதமாக இருப்பதால் வரும் கேடு இது.

அதைத் தீர்க்க வந்த கட்டளைதான் டிரிம். ‘இந்த செக்டர்கள் இனி எனக்கு வேண்டாம்’ என்று ஓஎஸ் எஸ்எஸ்டியிடம் வெளிப்படையாகச் சொல்லும் கட்டளை. 2009-இல் வந்த விண்டோஸ் 7 அதை அறியும். லினக்ஸில் 2010 தொடக்கத்தில் வந்த 2.6.33 கெர்னலிலிருந்து அந்த வசதி உண்டு. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் தெரியாது. கேரளப் பள்ளிகளின் லினக்ஸ் கணினிகள் இந்த வகையில் கொடுத்துவைத்தவை: வாரம் ஒருமுறை தானாகவே டிரிம் ஓட வைக்கும் ஏற்பாடு இன்றைய உபுண்டு வழி லினக்ஸ்களில் உடன் வருகிறது. டிரிம் தெரியாத ஓஎஸ்தான் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்கைப் பார்ட்டிஷன் போடாமல் முதல் நாளே விட்டுவிடுங்கள். அந்தக் காலி இடத்தை வைத்து அது தன் பெயர்ப்பு வேலையைச் சமாளித்துக்கொள்ளும்.

பழுதுபார்க்கும் கடைகளில் அதிகம் குழப்பும் சிக்கல் வேறொன்று. 2006 முதல் 2012 வரையிலான போர்டுகளின் பயாஸில் சாட்டாவை இரண்டு விதமாக வைக்கலாம்: ஐடிஇ முறை, ஏஹெச்சிஐ முறை. முன்னது சாட்டா டிஸ்கை இன்னும் பழைய ஐடிஇ டிஸ்க் போலக் காட்டும்; வேடத்தின்மேல் வேடம். பின்னதில்தான் எஸ்எஸ்டி பல கேள்விகளை ஒரே நேரத்தில் வாங்கிப் பதில் சொல்ல முடியும். ஆகவே ஏஹெச்சிஐ முறைக்கு மாற்றிவிட்டு ஓஎஸ் ஏற்றுவதுதான் சரி. ஏற்றிய பிறகு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையைக் காட்டி 7பி என்ற பிழை எண்ணோடு நின்றுவிடும். இதுவரை கடைக்காரர்கள் நன்றாகவே அறிந்ததுதான்.

அறியாமல் விடுவது அதற்கு அடுத்த கட்டத்தை. பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருப்பது மதர்போர்டில் எட்டணா அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி. பத்து வருஷக் கணினியில் அது செத்திருக்கும், அல்லது சாகக் காத்திருக்கும். செத்ததும், மின்சாரம் நின்று திரும்பும் ஒவ்வொரு முறையும் பயாஸ் தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். பல பழைய போர்டுகளில் அந்தத் தொழிற்சாலை அமைப்பு ஐடிஇ. எஸ்எஸ்டி போட்டு ஒரு மாதம் நன்றாக ஓடிய கணினி, ஒரு நாள் கரண்ட் போய் வந்ததும் நீலத் திரையில் நிற்கிறது. கடைக்குக் கொண்டுபோனால் எஸ்எஸ்டி போய்விட்டது என்கிறார்கள். கூடவே தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கிறதா, பிரவுசர் எல்லா இணையதளத்தையும் பாதுகாப்பில்லை என்று தடுக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் எஸ்எஸ்டி நலமாக இருக்கிறது. பேட்டரியை மாற்றி, பயாஸில் ஏஹெச்சிஐ வைத்து, தேதியைத் திருத்தினால் கணினி எழுந்துவிடும். பழைய கணினியில் எஸ்எஸ்டி போடுகிற அன்றே அந்தப் பேட்டரியையும் மாற்றிவிடுவது என்று எல்லாக் கடைகளும் வழக்கம் வைத்துக்கொண்டால் எத்தனையோ பேரின் காசும் அலைச்சலும் மிச்சம்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசினோம். எந்த செக்டர் எந்தச் சில்லின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தனக்குள் வைத்திருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தால் அட்டவணை சிதையலாம். சர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் அந்தக் கணத்தைக் கடக்க மின்தேக்கிகள் வைக்கிறார்கள். நாம் வாங்குவதில் பெரும்பாலும் இருக்காது. இன்டெல்லின் 320 வரிசை எஸ்எஸ்டிகளில் சில 2011-இல் மின்வெட்டுக்குப் பிறகு தம் கொள்ளளவு வெறும் 8 எம்பி என்று காட்டின. ஃபர்ம்வேர் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. தென்மேற்குப் பருவமழையில் இடுக்கி மலைகளில் மரம் சாய்ந்து லைன் அறுவது புதிதல்ல. லேப்டாப்தானே, பேட்டரி இருக்குமே என்றால், செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் முதலில் சாவது பேட்டரிதான். சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும் லேப்டாப்பில் எஸ்எஸ்டி போடுபவர், பேட்டரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

வெயிலைப் பற்றிப் பயம் வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டியில் தரவு மெல்லக் கசியும் என்பது உண்மை. சூட்டில் கசிவு கூடும் என்பதும் உண்மை. ஆனால் சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் விதிமுறை கேட்பது, எழுதி எழுதி ஆயுள் முழுதும் தேய்ந்த எஸ்எஸ்டிகூட 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்று. பாலக்காட்டுக் கோடையில் பள்ளி ஆய்வகம் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால், அதிகம் தேயாத எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக என்விஎம்இ. 2011 மார்ச்சில் வெளியான இந்த விதிமுறை வேடத்தையே கழற்றி எறிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்குக்காக வகுத்த ஏஹெச்சிஐயில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளை. என்விஎம்இயில் அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிசைகள், ஒவ்வொன்றிலும் அதே அளவு கட்டளைகள். இது தட்டு என்று பாசாங்கு செய்யாத சாதனம், ஆகவே பழைய பயாஸுக்கு இதை அடையாளம் தெரியாது. சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவத்தில் வருவதால் குழப்பம் கூடுகிறது. அதே வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு. விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, வலப்பக்கம் ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. பட்டை ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அந்த ஸ்லாட்டுக்குச் சாட்டா கம்பிகள் மட்டும் இழுத்திருந்தால் என்விஎம்இ அங்கே வெறும் அட்டை. வாங்குமுன் லேப்டாப்பின் மாடல் எண்ணைக் கொண்டு ஸ்லாட் எதை ஏற்கும் என்று பார்த்துவிடுவது கட்டாயம்.

டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தால் அடாப்டர் கார்டில் என்விஎம்இயைப் போடலாம். பூட் ஆவதுதான் சிக்கல். லினக்ஸ் ஓடும் கணினிக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. பூட் பார்ட்டிஷனை மட்டும் ஒரு சின்ன சாட்டா டிஸ்கிலோ பென்டிரைவிலோ வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் என்விஎம்இயில் வைக்கலாம். பயாஸ் கெர்னலை எழுப்பிவிட்டால் போதும். என்விஎம்இ டிரைவர் 2012 முதல் கெர்னலிலேயே இருப்பதால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 7 என்றால் தனியாகத் திருத்தம் ஏற்ற வேண்டும், 8.1-இலிருந்து உள்ளேயே இருக்கிறது.

ஆனால் 2008-க்கும் 2014-க்கும் இடைப்பட்ட கணினிக்கு நான் பரிந்துரைப்பது இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியைத்தான். உயரம் ஏழு மில்லிமீட்டர் இருக்கும். பழைய லேப்டாப்பின் குழி ஒன்பதரை மில்லிமீட்டருக்கு வெட்டியது, ஆகவே சிலவற்றில் ஆடும். ஆடினால் கனெக்டர் தளரும். சுற்றிலும் ஒட்டும் பிளாஸ்டிக் சட்டம் சில எஸ்எஸ்டிகளோடு வரும், வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் வீட்டு ஆவணங்களும் படங்களும் இருக்கின்றன. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதற்குள் போட்டு, மாதம் ஒருமுறை எஸ்எஸ்டியில் உள்ளதை அதில் நகலெடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க் சாகுமுன் பெரும்பாலும் டிக் டிக்கென்று சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி அந்த அவகாசமும் கொடுக்காமல் ஒரு காலையில் நின்றுபோகலாம்.